நயோபியத்துக்கு நேரே ஒரு கோடு

எங்கள் வீட்டில் அக்காவிடம் "இல்ல" என்று சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை. மண்ணெண்ணெய் டின் எங்கே என்று கேட்பாள். நான் படுத்த இடத்திலிருந்தே "இல்லக்கா" என்பேன். அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, டின்னை இழுத்துவந்து என் தலைமாட்டில் நங்கென்று வைப்பாள்.

"இல்லன்னு ஏண்டா சொல்ற? பாக்கலன்னு சொல்லு. பாக்காதவன் வாய்ல இல்லன்ற வார்த்தயே வரக்கூடாது."

ஒரு டின்னுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா அடுப்படியிலிருந்து, "அவளாண்ட வாய் குடுக்காத, கோர்ட்டுக்கு இஸ்துகினு போயிடுவா" என்பாள். அம்மா சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் பல வருஷம் கழித்து, டின்னுக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் அக்கா நிஜமாகவே ஒரு மேஜைக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டி வந்தது. நிற்க வைத்தவன் நான்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஹார்பரில் மூட்டை தூக்கிய அப்பா, நான் பத்தாவது படிக்கும்போது போய்விட்டார். அதற்கு முன்பே அக்கா கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கி, திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில் ஒரு பவுண்டரியில் லேப் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பம்புகளின் கூடும் வால்வுகளின் உடம்பும் வார்க்கிற இடம். காலையில் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புவாள். திரும்பி வரும்போது புடவை ஓரத்தில் கரியும் விரல் நுனியில் அமிலம் பட்ட மஞ்சள் கறையும் இருக்கும். என் காலேஜ் பீஸ், என் செருப்பு, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் அந்த விரல்களிலிருந்து வந்தவைதான்.

அவள் லேபின் வேலை இதுதான். உலையில் உருக்கிய ஒவ்வொரு கொதிப்பிலிருந்தும் ஒரு துண்டு வரும். அந்தக் கொதிப்புக்குப் பவுண்டரியில் ஹீட் என்று பெயர். துண்டைத் தேய்த்து, ஸ்பெக்ட்ரோ என்று அவர்கள் சொல்லும் மிஷினில் வைத்துப் பொறி தட்டினால், அதில் கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று சொல்லும். அதை ஒரு அச்சடித்த சர்டிபிகேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்டிபிகேட்டில் இருபதுக்கும் மேல் கட்டங்கள். வாங்குகிறவன் கேட்பது ஏழோ எட்டோ. மற்ற கட்டங்களில் என்ன எழுதுவது? அந்த வட்டாரத்தில் பல லேப்களில் கண்ணை மூடிக்கொண்டு "நில்", அதாவது இங்கிலீஷில் இல்லை, என்று எழுதிவிடுவார்கள். வாங்குகிறவனும் கண்டுகொள்ள மாட்டான். அக்கா மட்டும், சோதித்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால்தான் "நில்" போடுவாள். சோதிக்காத கட்டத்தில் ஸ்கேல் வைத்தது போல ஒரு சின்னக் கோடு.

இந்தக் கோட்டுக்காக அவளைக் கேலி செய்யாதவர் இல்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் லேப் இன்சார்ஜாக இருந்த பெரியவர் அந்த வருஷம் ரிட்டயர் ஆகவிருந்தபோது, மேனேஜர் மனசில் அக்காவின் பெயர்தான் இருந்தது. அவளுடைய சர்டிபிகேட் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. பெண்ணை இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார வைத்த பவுண்டரி அந்தப் பக்கத்தில் நாங்கள் கேள்விப்பட்டவரை இல்லை. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். அக்கா வெளியில் "அதெல்லாம் வர்றப்போ வரட்டும்" என்பாள். ஆனால் ஒருநாள் எம்.சி. ரோடில் ரெண்டு காட்டன் புடவை எடுத்து, பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். 

நான் அப்போது எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, நகரத்துக்குள் ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு வந்தால்தான் வேலை. இரண்டாயிரமாவது வருஷம் தாண்டிய புதிது. தெருவுக்கு நாலு பேர் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து அமெரிக்கா கனவு கண்டுகொண்டிருந்த காலத்தில், என் வேலை இன்னதென்று வீட்டில் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் தேவைப்பட்டது.

"சூரியனுக்குள்ள நடக்குதில்ல, அந்த மாதிரி அணுவ ஒண்ணா சேத்து கரண்ட் எடுக்கற ஒலைக்கா. அதுல நியூட்ரான்னு ஒண்ணு கெளம்பி வந்து செவுத்துல மோதும். மோதினா செவுத்துல கீற இரும்பே கதிர் வீச ஆரம்பிச்சுடும். எந்த இரும்பு எவ்ளோ வீசும், எத்தினி வருஷம் வீசும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் வேல."

"அந்த ஒலைய கட்டிட்டாங்களா?"

"இன்னும் கட்டல."

"கட்டாத ஒலையோட செவுரு கெட்டுப் போனா இன்னா பண்றதுன்னு இப்பவே கணக்கு. சோக்கா கீதுடா உன் பொழப்பு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நூறு வருஷம் கழிச்சு அந்த இரும்ப காயலாங்கடைல போட முடியணும்க்கா. கையால தொட்டு, உருக்கி, திருப்பி ஊத்தணும். அப்பிடிப்பட்ட இரும்ப கண்டுபுடிக்கறதுதான் மேட்டரு" என்றேன்.

"நூறு வருஷம் கழிச்சு சாத்தாங்காட்ல எவன் தராசு வெச்சிகினு குந்தினு இருப்பான்?" என்று சிரித்தாள். ஆனால் காயலாங்கடை என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. சாத்தாங்காட்டுப் பழைய இரும்புதான் அவளுடைய பவுண்டரி உலையில் தினமும் விழுவது. அன்றைக்குச் சாயங்காலம் வரை கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டாள். எந்தக் கலப்பு ஆகும், எது ஆகாது, ஏன் மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன். எங்கள் துறையில்கூட யாரும் என்னை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

துறையில் எனக்குக் கொடுத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மென்பொருள், ஒரு சிடி. சிடியில் இருந்தது அணுத்தரவு. ஒவ்வொரு தனிமத்திலும் இன்ன வேகத்தில் நியூட்ரான் வந்து மோதினால், அது இன்னதாக மாற இவ்வளவு வாய்ப்பு என்று பக்கம் பக்கமாக எண்கள். இன்னொரு கோப்பில், அப்படி மாறியது எத்தனை காலம் இருக்கும், அழியும்போது என்ன கதிரை உமிழும் என்ற விவரம். மென்பொருள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாம் கொடுக்கிற இரும்பை உலைச்சுவரில் சில வருஷம் நிறுத்தி, பிறகு வெளியே எடுத்து ஆற வைக்கும். ஒரு நிமிஷம், ஒரு நாள், ஒரு வருஷம், நூறு வருஷம். ஒவ்வொரு கட்டத்திலும் கதிர் எவ்வளவு மிச்சம் என்று வரிவரியாக அச்சடிக்கும். எல்லாம் கணக்கில்தான். எங்கள் துறையில் மருந்துக்குக்கூட ஒரு நியூட்ரான் கிடையாது.

அந்தத் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் படித்துக்கொண்டே போவேன். எண்ணூரில் ஏறிய கூடைக்காரம்மாக்கள் நண்டும் இறாலுமாக வழியை அடைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஆயா தினமும் கேட்கும்: "இன்னாபா, பரிச்ச இன்னும் முடியலியா?" இல்லை ஆயா என்பேன். "கவலப்படாத, பாஸ் ஆயிடுவே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும். கடல்காற்றும் மீன்வாசனையும் துளை போட்ட அந்தக் கம்ப்யூட்டர் தாளின் வாசனையும் கலந்து அடித்த அந்த ரயில் பெட்டி எனக்கு இன்றைக்கும் வேண்டும் போல இருக்கிறது. இப்போது மெட்ரோ குளுகுளுவென்று தலைக்கு மேல் ஓடுகிறது. அதில் யாரும் நம்மைப் பாஸ் ஆகிவிடுவாய் என்று சொல்வதில்லை.

அணுத்தரவில் எனக்குப் பிடித்தது எண்களைவிட அவற்றின் தலைப்பில் இருந்த குறிப்புகள். இந்த வினையை அளந்திருக்கிறார்கள், இந்த வினையை யாரும் அளக்கவில்லை, கோட்பாட்டை வைத்து மதிப்பிட்டது, நம்பகம் குறைவு என்று தயாரித்தவர்கள் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள். கண்காணாத தேசத்தில் என் அக்கா மாதிரியே ஒரு கூட்டம் உட்கார்ந்துகொண்டு "பாக்கல, பாக்கல" என்று எழுதி வைத்திருக்கிறதே என்று சிரிப்பாக வரும். சிரித்ததோடு சரி, புத்தியில் ஒன்றும் ஏறவில்லை.

திட்டத்தை நடத்திய பேராசிரியருக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. "புத்தகத்தில் இருக்கிற இரும்புக்கு எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நாம் நிஜமாக உருக்கிய இரும்புக்குப் போடுவோம்" என்றார். எங்க அக்கா பவுண்டரியில் இருக்காங்க சார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அக்கா மேனேஜரிடம் பேசி, சின்ன உலையில் ஒரு பரிசோதனை ஹீட்டுக்குச் சம்மதம் வாங்கினாள். குரோமியமும் டங்ஸ்டனும் கொஞ்சம் டான்டலமும் போட்ட இரும்பு. வருகிற ரிப்போர்ட் நன்றாக இருந்தால் பவுண்டரிக்குப் பெருமை, சர்டிபிகேட்டில் அக்கா கையெழுத்து. இன்சார்ஜ் நாற்காலிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை பீரோவிலிருந்து ஒரு புதுப் புடவையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முதல் காரியமாக உருக்குகிறவரிடம், "முந்தின ஹீட் இன்னாண்ணா?" என்று கேட்டாள். ஏதோ கெமிக்கல் கம்பெனி வால்வுக்கு நயோபியம் போட்ட ஸ்டெயின்லெஸ் என்றார் அவர். நடுவில் வெறும் இரும்பை உருக்கி உலையைக் கழுவிவிட்டதாகவும் சொன்னார். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்த இரும்புக்கும் போன இரும்புக்கும் என்ன சம்பந்தம், இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு நோண்டல் என்று நான் ஓரமாக நின்று நினைத்தேன்.

துண்டு ஆறியதும் என்னிடம் வந்தாள்.

"உன் லிஸ்ட்டுல கீறதெல்லாம் நம்ம மிஷின்லயே தெரியும். கோபால்ட்டு கூட பாத்துடலாம். நயோபியம் மட்டும் தெரியாதுடா. வால்வு ஹீட்ட அனுப்பற மாதிரி வெளிய அனுப்பினா ரெண்டு வாரம் ஆவும். வேணுமா?"

பத்து நாளில் எனக்குக் கருத்தரங்கம். அவசரம் தலைக்கேறியிருந்தது. "பிசாத்து மேட்டருக்கா. இருந்தாலும் தூசு மாதிரி இருக்கும். அப்பால பாத்துக்கலாம், உட்டுடு" என்றேன். அந்தத் தூசைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நயோபியம் நியூட்ரானை வாங்கிக்கொண்டால் பாதி அழியவே இருபதாயிரம் வருஷம் ஆகும் என்பது என் சிடியில் இருக்கிறது, நான் படித்தும் இருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டுச் சுரைக்காய் எனக்கே உதவவில்லை.

சர்டிபிகேட் வந்தது. எல்லாக் கட்டத்திலும் எண். நயோபியத்துக்கு நேரே மட்டும் அந்தச் சின்னக் கோடு.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். கோட்டை அடித்தால் மென்பொருள் பிழை என்று நின்றுவிடும். காலியாக விட்டால் அதுவே பூஜ்யம் என்று படித்துக்கொள்ளும். கோடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. சரி, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று பூஜ்யத்தை அடித்துவிட்டு ஓடவிட்டேன்.

வந்த வரைபடத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். கதிரின் அளவைக் காட்டி முதலில் மேலே நின்ற கோடு, இரும்பில் சீக்கிரம் அழியும் கோபால்ட்டின் கதிர் போனதும் படிக்கட்டில் உருண்ட தேங்காய் மாதிரி கீழே போயிற்று. நூறாவது வருஷத்தில் கையால் தொடும் அளவுக்குக் கீழே. பேராசிரியர் என் முதுகில் தட்டினார். இந்தியாவில் ஒரு சாதாரணப் பவுண்டரியில் இப்படி ஒரு இரும்பா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் தலையாட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவரிடம் அந்தப் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாள் ஆக ஆக, நானே அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நன்றாக வந்த விடையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்கு அந்த வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் என்னைப் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மாக்காரர் கடைக்குக் கூட்டிப்போய் அத்தோ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். கையில் தட்டோடு நின்று சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம சாத்தாங்காட்டு இரும்புடா, நூறு வருஷத்துல சுத்தமாயிடுதாமே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் வாங்கி எனக்கே கொடுத்தாள்.

கருத்தரங்கில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாக எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோபால்ட் போன பிறகு இவ்வளவு தூரம் இறங்குகிறதே, உங்கள் இரும்பில் நயோபியமே இல்லையா? உலகத்தில் யாராலும் அதை முழுசாக விரட்ட முடிந்ததில்லை. டான்டலத்தோடேயே ஒட்டிக்கொண்டு வருமே?" பேராசிரியர் பெருமையாக, "சர்டிபிகேட்டில் பூஜ்யம்" என்றார்.  நான் வாயைத் திறக்கவில்லை.

பேராசிரியர் நேர்மையானவர். சந்தேகம் வந்துவிட்டால் விடமாட்டார். மிச்சமிருந்த துண்டைப் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பினார். விடை வந்தது. ஒரு டன்னுக்குக் கைப்பிடியளவு நயோபியம். அந்தக் கைப்பிடியைக் கணக்கில் சேர்த்து ஓடவிட்டால், கோடு கொஞ்சம் இறங்கி ஒரு இடத்தில் நின்று, அப்படியே தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. நூறு வருஷம் இல்லை, ஆயிரம் வருஷமானாலும் அது காயலாங்கடைக்குப் போகாது.

"இல்லாததை இல்லை என்று எழுதலாம். இருப்பதை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்களே, இவர்களெல்லாம் என்ன லேப்?" என்று பேராசிரியர் கொதித்தார். நான் அடித்துக் கொடுத்த பட்டியலை இணைத்து, உங்கள் சர்டிபிகேட் பொய் என்று பவுண்டரி மேனேஜருக்குக் கடிதம் எழுதினார். என் எதிரிலேயே எழுதினார். அசல் சர்டிபிகேட் என் பையில் இருந்தது. நீட்டிப்புக் காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கடிதத்துக்கு உறை எடுத்துக் கொடுத்தவன்கூட நான்தான்.

நாலு நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு விடுமுறை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவள் முகம் கழுவவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நயோபியம் கட்டத்துல இன்னாடா அடிச்ச?"

"பூஜ்யம்க்கா."

"நான் இன்னா போட்டிருந்தேன்?"

"கோடு."

அவ்வளவுதான் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆபீஸில் நடந்ததை யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். மேனேஜர் கடிதத்தையும் சர்டிபிகேட்டின் கார்பன் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். பிரதியில் கோடு, கடிதத்தில் பூஜ்யம். இவர்களுக்குப் பூஜ்யம் என்று யார் சொன்னது?

"நீ இன்னா சொன்ன?"

"நான்தான் வாயால சொன்னேன்னு சொன்னேன். பாத்தேன் சார், இல்லன்னுதான் வந்துச்சுன்னு."

 மண்ணெண்ணெய் டின்னுக்குக்கூடச் சொல்லாத பொய். அதுவும் எப்படிப்பட்ட பொய்! அவள் மிஷினில் நயோபியம் தெரியவே தெரியாது என்பது மேனேஜருக்குத் தெரியாதா? கேட்டிருக்கிறார். "நம்ம மிஷின்ல அது பாக்கவே முடியாதேம்மா, எப்படிப் பாத்தே?" அக்கா பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். போய்விட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

"ஏங்க்கா இப்பிடிப் பண்ண? கோடுதான் போட்டேன், பாக்கலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிருக்கும். அப்பால உன் வாத்தியாரு உன்ன வெளிய புடிச்சுத் தள்ளியிருப்பாரு. எனக்கு அந்த நாற்காலி போனா இந்த நாற்காலி கீது. உனக்கு இன்னாடா கீது? வாய மூடிகினு வேலைய பாரு."

அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு நயோபியம் புரியவில்லை, பீரோவில் இருக்கும் இன்னொரு புடவை புரிந்தது. அக்காவின் முன்னால் தட்டை வைத்தாள்.

மறுநாள் காலை ரயிலில் ஆயா பரிச்சையைப் பற்றிக் கேட்டது. பெயிலாயிட்டேன் ஆயா என்றேன். துறைக்குப் போய்ப் பையிலிருந்த சர்டிபிகேட்டை எடுத்துப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கு அக்கா வேணுமா என்று கேட்டதும் நான் வேண்டாமென்றதும் உட்பட. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"பூஜ்யம் அடித்தது தப்பு. அதை நான் மன்னிப்பேன், நானும் அடித்திருக்கிறேன். ஆனால் நான் அந்தக் கடிதத்தை எழுதும்போது நீ பக்கத்தில் நின்றாயே" என்றார்.

 கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்தார். நீட்டிப்பைப் பாதியாகக் குறைத்தார். துறையில் அதுவரை ஓடிய ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் பூஜ்யம் பார்த்த பூஜ்யம், எது பார்க்காத பூஜ்யம் என்று தேடி எழுதச் சொன்னார். தப்பு எங்களுடையது, உங்கள் லேப் சுத்தம் என்று மேனேஜருக்கு இரண்டாவது கடிதமும் அன்றைக்கே எழுதினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அக்கா பிழைத்தாள் என்று நான் நினைத்தேன்.

அந்தக் கடிதம்தான் அவளை முடித்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, தன்மையாகவே சொல்லியிருக்கிறார். "உன் சர்டிபிகேட் சரிம்மா. ஆனா பாக்காததைப் பாத்தேன்னு என்னாண்ட சொன்னியே. இன்னிக்குத் தம்பிக்காகச் சொன்னே. நாளைக்கு இன்சார்ஜ் ஆனா வேற யாருக்காகவாவது சொல்ல மாட்டேன்னு நான் எப்படி நம்பறது?" நான் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் கவனக்குறைவானவள். சொன்னதால் பொய்க்காரி. அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவர் மேல் இன்றுவரை கோபமாக இருக்கிறது.

இன்சார்ஜ் நாற்காலிக்கு வேறொருவர் வெளியிலிருந்து வந்தார். அக்கா பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பழையபடி கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. நான் சொன்னதற்காக அல்ல, அவளிடம் சொல்லாமல் போய்ச் சொன்னதற்காக. எட்டாவது நாள், "தோச ஆறுது, வந்து துன்னு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது. பீரோவிலிருந்த இன்னொரு புடவையை அம்மாவுக்குப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டாள்.

பூஜ்யங்களைத் தேடும் வேலை எனக்கு நாலு மாதம் எடுத்தது. அது முடிந்த கையோடு, யாரும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். மென்பொருள் எண்களைப் படிப்பதற்கு முன்னால் ஓடுகிற ஒரு சின்ன நிரலை எழுதிச் சேர்த்தேன். கட்டம் காலியாக இருந்தாலோ கோடு இருந்தாலோ அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரையில் ஒரே ஒரு வார்த்தையைக் காட்டிக் காத்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகளில் "பாக்கல" என்று வைத்தேன். மற்ற மாணவர்கள் ஏதோ கலைச்சொல் என்று நினைத்துக்கொண்டார்கள். பேராசிரியருக்கு மட்டும் விளங்கியது. எடுக்கச் சொல்லவில்லை.

துறையில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்று வந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். நண்டுக்கூடைகளுக்கு நடுவே அதே ரயிலில் வந்தோம். ஆயாவுக்கு அவளை அறிமுகப்படுத்தினேன். "இவுருதான் தெனம் படிச்சிகினே கீறாரு, பாஸ் ஆவ மாட்டேன்றாரு" என்று ஆயா என் மேல் புகார் சொல்லிற்று. அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

என் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, அவளுடைய இரும்பையே எடுத்துக் கொடுத்தேன். அமிலக்கறை விரல்களால் ஒவ்வொரு எண்ணாக அவளே அடித்தாள். நயோபியத்துக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  கோட்டை அடித்தாள். எல்லாம் நின்றது. கறுப்புத் திரையில் அந்த ஒரு வார்த்தை வந்து மினுக்கிக்கொண்டிருந்தது.

எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"அப்பால இன்னா பண்ணும் இது?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. நெஜமா பாத்து ஒரு நம்பர் குடுக்கறவரைக்கும் இப்பிடியே நிக்கும். எவ்ளோ தட்டினாலும் நகராது."

வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். அது நகரவில்லை. திரையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த ஆபீஸ்ல நானும் இப்பிடியே நின்னிருக்கணும்டா. இந்த ஒரு வார்த்ததான் எனக்குத் தெரிஞ்ச வார்த்த. அன்னிக்குப் பாத்து வாய்ல வரல. உன் மூஞ்சிதான் வந்துச்சு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாலு பத்து வண்டியைப் பிடித்துவிடலாம் வா என்றாள்.